நோட்டுக்கு ஆனி, நாவலுக்கு மாசி: கடைமடையில் ஒரு புத்தகக் கடையின் ஓராண்டுக் கணக்கு

ஊரில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. உரக்கடை, மருந்துக்கடை, ஒரு பாத்திரக்கடை, அப்புறம் இந்தப் புத்தகக் கடை. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், திருத்துறைப்பூண்டிப் பக்கம், பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பத்தடி அகலமும் இருபதடி நீளமுமாக உள்ளே ஓடும் கடை. முன்பாதியில் நோட்டு, பேனா, கைடு, பஞ்சாங்கம். பின்பாதியில் நாவல், கவிதை, வரலாறு, அரசியல், வேளாண்மை. முன்பாதி சம்பாதிப்பதைப் பின்பாதி சாப்பிடுகிறது என்று கடைக்காரர் வீட்டிலேயே பேச்சு உண்டு. 2023 வரை நானும் அதை நம்பினேன். "அண்ணே, நாவலையெல்லாம் ஏறக்கட்டிட்டு ஜெராக்ஸ் மெஷின் ஒண்ணு போடுங்க" என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். நான் சொன்னது தப்பு. ஏன் தப்பு என்பதை ஒரு வருஷக் கணக்கு எனக்குக் காட்டியது, அதை முழுசாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் இதே நிலையில் இருக்கும் இன்னொரு கடைக்காரர் நான் சொன்ன யோசனையைக் கேட்டுப் பின்பாதியை மூடிவிடக் கூடாது.

கடன் வரம்பை உயர்த்தச் சொல்லி வங்கியில் கேட்டபோது மாதவாரி விற்பனைக் கணக்கு கேட்டார்கள். அப்படித்தான் இது ஆரம்பித்தது. 2023 ஆனி தொடங்கி 2024 வைகாசி முடிய, பில் புத்தகம், பார்சல் ரசீது, பாக்கி நோட்டு மூன்றையும் எதிரே வைத்துக்கொண்டு எழுதினேன். முதலில் ஜனவரி, பிப்ரவரி என்று கட்டம் போட்டேன், ஒன்றும் புலப்படவில்லை. ஜனவரி என்று ஒரே கட்டத்தில் போட்டால் மார்கழியின் பின்பாதியும் தையின் முன்பாதியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எங்கள் ஊரில் அந்த இரண்டும் வேறு வேறு காலம், மனிதர்களின் கையிருப்பும் வேறு. கடைக்காரர் அவருடைய அப்பா பழக்கத்தில் பில்லில் தமிழ்த் தேதியும் எழுதுகிறவர். அதை வைத்துத் திருப்பி அடுக்கிய பிறகுதான் கணக்கு பேச ஆரம்பித்தது.

பாக்கி நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீல அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலில் சின்னதாக ஒரு குறி. 'கு' என்றால் புரட்டாசிவாக்கில் அறுக்கும் குறுவை, 'ச' என்றால் தையில் அறுக்கும் சம்பா, '1' என்றால் ஒண்ணாம் தேதிச் சம்பளக்காரர். "அறுத்துத் தர்றேன்" என்று சொல்லிப் போகிறவர் எந்த அறுப்பைச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியும், அதைக் குறித்து வைத்துக்கொள்வார். கடைமடையில் பெரும்பாலும் சம்பாதான், அதிலும் நேரடி விதைப்பு. எனவே நோட்டில் 'ச' அதிகம்.

ஆனி, ஆடி: தண்ணீரும் நோட்டும்

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2012 தொடங்கி எட்டு வருஷம் அந்தத் தேதி தவறி, 2020இல்தான் மறுபடி சரியாகத் திறந்தார்கள். 2022இல் மே 24இலேயே திறந்தது. நான் கணக்கு எடுத்த 2023இல் ஜூன் 12. வெயில் காரணமாகப் பள்ளித் திறப்பைத் தள்ளி வைத்ததில், ஆறாம் வகுப்புக்கு மேலே இருக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்ததும் அதே ஜூன் 12 என்று அமைந்தது.

மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை ஆறு, வாய்க்கால் என்று புகுந்து எங்கள் பக்கம் எட்டிப்பார்க்க மேலும் பல நாள் பிடிக்கும். ஆனால் செலவு தண்ணீருக்காகக் காத்திருப்பதில்லை. உழவுக் கூலி, வரப்பு வெட்ட ஆள் கூலி, பள்ளிக் கட்டணம், நோட்டு எல்லாம் ஒரே பதினைந்து நாளில் ஒரே வீட்டின் கதவைத் தட்டும். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் விலையில்லாமல் கிடைத்துவிடுகிறது, அது பெரிய ஆறுதல். மற்றபடி லாங் சைஸ், நாலு வரி, கட்டம் போட்டது, ரெக்கார்டு நோட்டு, பிரவுன் ஷீட், லேபிள் என்று தனியார் பள்ளிப் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீளும்.

கடையின் வருஷ விற்பனையில் மிகப் பெரிய மாதம் இந்த ஆனிதான். ஆனால் மிகப் பெரிய லாபம் இதில் இல்லை. நோட்டில் லாப விகிதம் குறைவு, சிவகாசிச் சரக்குக்குச் சித்திரையிலேயே முன்பணம் கட்ட வேண்டும், விற்றதில் பாதி பாக்கி நோட்டில் 'ச' போட்டு உட்கார்ந்துவிடும். முன்பாதி சம்பாதிக்கிறது என்று எல்லோரும் சொன்னது விற்பனையைப் பார்த்து. பணம் எப்போது உள்ளே வந்தது என்று யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஆடியில் பெரிதாக ஒன்றுமில்லை. பதினெட்டாம் பெருக்கை ஒட்டிக் கொஞ்சம் பக்திப் புத்தகம் போகும். 2022இல் பொன்னியின் செல்வன் படம் வரப்போகிறது என்றிருந்தபோது மட்டும் அந்த வருஷ ஆடி, ஆவணி முழுக்க ஐந்து பாகம் கொண்ட அந்த நாவல் ஓடியதாகப் பழைய பில்கள் சொல்கின்றன. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் பல பதிப்பகங்களின் பதிப்பு பல விலையில் கிடைக்கும், கடைக்காரர் குறைந்த விலைப் பதிப்பையும் கெட்டி அட்டைப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாங்குபவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்.

மழைக்காலம்

2023இல் குறுவைக்கே தண்ணீர் போதவில்லை. அக்டோபர் 10இல் மேட்டூரை மூடிவிட்டார்கள். அந்தப் புரட்டாசியில் 'கு' போட்ட பெயர்களில் பாதிக்குமேல் தீராமல் அப்படியே நின்றன. சரஸ்வதி பூஜைக்கும் விஜயதசமிக்கும் சிலேட்டு, பல்பம், அரிச்சுவடி, தீபாவளிக்கு மலர்கள், கார்த்திகையில் ஐயப்பன் பாட்டுப் புத்தகம், அந்த டிசம்பர் 20இல் சனிப்பெயர்ச்சி வந்ததால் பலன் புத்தகம், மார்கழியில் திருப்பாவை திருவெம்பாவை, அப்புறம் காலண்டர், டைரி: இவை எல்லாம் சின்னச் சின்னக் காசு, ஆனால் ரொக்கம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கடை மின்சாரக் கட்டணம் கட்டுவது இந்தக் காசில்தான். டிசம்பர் 25 மட்டும் தனி. 1968இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணிக்கு அன்றைக்கு மக்கள் திரண்டு போவார்கள். கடைக்காரர் ஒரு பெட்டி நிறைய சிறு வெளியீடுகளோடு போய் ஒரு மரத்தடியில் விரிப்பார். "தோழர், போன வருஷம் கொண்டாந்தீங்களே, அது இருக்கா" என்று தேடி வந்து கேட்கிறவர்கள் உண்டு. அன்றைய விற்பனையைப் பில்லில் தனிப் பக்கத்தில்தான் எழுதுகிறார். எவ்வளவு விற்றது என்பதைவிட யார் யார் வந்தார்கள் என்பதைத்தான் அதில் அதிகம் எழுதியிருக்கிறார்.

மழை என்றால் இந்தக் கடைக்கு கஜாதான் ஞாபகம். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த புயல். கடையின் பின்பக்கக் கூரை ஆஸ்பெஸ்டாஸ், அதில் பாதி பறந்துவிட்டது. விடிந்து கதவைத் திறந்தபோது பின்பாதி அலமாரியில் கீழ் இரண்டு தட்டு தண்ணீரில், மேல் தட்டுகள் மழையில். ஊரில் மின்சாரம் இல்லை, மின்விசிறி இல்லை. அவரும் அவர் மனைவியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் புத்தகங்களைத் திண்ணையில் கூடாரம் மாதிரி விரித்து நிறுத்தி, பத்துப் பக்கத்துக்கு ஒரு பழைய செய்தித்தாள் சொருகி, ஈரம் ஏறியதும் தாளை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். அப்போது அவர் கற்றுக்கொண்ட ஒன்று: சாதாரணத் தாளில் அச்சடித்த நாவல் நனைந்தால் உப்பும், பழுக்கும், ஆனாலும் காய்ந்து படிக்கிற மாதிரி ஆகிவிடும், வழவழப்பான ஆர்ட் பேப்பர் நனைந்து அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு செங்கல் ஆகிவிடும். அதனால் அவர் அதிகம் இழந்தது குழந்தைகளுக்கான வண்ணப் படப் புத்தகங்களை. ஒட்டிப்போன அந்தப் புத்தகம் ஒன்றை இன்னும் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பக்கவாட்டில் பார்த்தால் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக வரிவரியாகத் தெரியும், பிரிக்க முடியாது. காப்பீடு எடுத்திருக்கவில்லை. சில பதிப்பாளர்கள் அந்த வருஷப் பாக்கியில் பாதியைத் தள்ளிக் கொடுத்தார்கள், ஒருவர் நனைந்த சரக்குக்கும் முழுப் பணம் கேட்டார்.

அதற்கப்புறம் ஐப்பசி பிறப்பதற்குள் முழங்கால் உயரம் வரை அலமாரித் தட்டுகளைக் காலி செய்துவிடுவார், படப் புத்தகங்கள் மேலே ஏறிவிடும். இடையிடையே வசம்பும் காய்ந்த வேப்பிலையும் கிடக்கும், ராமபாணப் பூச்சிக்கு அட்டைப் பசை என்றால் உயிர். ஈரக்காற்று இருக்கும்வரை புதுப் பார்சல் அதிகம் எடுப்பதில்லை. இந்த ஒழுங்கு சரியானதுதான். ஆனால் இதன் இன்னொரு பக்கத்தை யாரும் யோசிக்கவில்லை: மழை முழுக்கக் கட்டிப்போட்ட ஆசையை எல்லாம் சேர்த்து வைத்து, தை பிறந்ததும் ஒரே மூச்சில் வாங்கிக் குவித்துவிடுவார்.

தை மாசத் தப்பு

தமிழ்ப் பதிப்புலகமே ஜனவரியைச் சுற்றித்தான் சுழல்கிறது. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிதான் காரணம். புது நாவல், புதுத் தொகுப்பு எல்லாம் அதற்குத்தான் அச்சாகின்றன. கடைக்காரர் வருஷா வருஷம் இரண்டு நாள் போய்வருவார், பட்டியல் எடுப்பார், ஊர் திரும்பியதும் பத்துப் பன்னிரண்டு பதிப்பகங்களுக்கு ஆர்டர். பொங்கல் கழிந்த வாரம் லாரி ஆபீசிலிருந்து போன்மேல் போன் வரும்.

கணக்கைப் பாருங்கள். 250 ரூபாய் நாவல், 30 சதவிகிதம் கழிவு என்றால் கடைக்கு 75 ரூபாய். அதில் பார்சல் கூலி போக வேண்டும், புத்தகக் காட்சியில் 10 சதவிகிதம் தள்ளுபடி பார்த்துப் பழகிய வாசகர் இங்கேயும் அதையே கேட்டால் 25 ரூபாய் போய்விடும். மீதி ஐம்பதுக்குள். இதற்குப் பதிப்பகம் தருவது இரண்டு மாசக் கடன். தை முதல் வாரம் எடுத்த சரக்குக்கு பங்குனி முதல் வாரம் பணம் கட்ட வேண்டும், மார்ச் 31 கணக்கு முடிப்பு வேறு இருப்பதால் யாரும் விடமாட்டார்கள்.

சரி, தையில் எங்கள் ஊரில் யார் கையில் காசு இருக்கிறது? பொங்கலுக்குத் துணிமணி எடுத்தாயிற்று. சம்பா கதிர் முற்றி நிற்கிறது, அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டும். அறுத்த நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் வரிசை. ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். எடைபோட்ட பிறகு பணம் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். விவசாயி கையில் அந்தக் காசு புழங்க மாசி பிறந்துவிடுகிறது. அவரிடமிருந்து டீக்கடைக்கு, பாத்திரக்கடைக்கு, டிராக்டர்காரருக்கு, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று சுற்றி வர மாசிக் கடைசி, பங்குனி. உரக்கடைக் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன், அங்கேயும் பாக்கி தீருவது அதே வாரங்களில்.

பில் புத்தகம் இதை அப்படியே சொல்லியது. 2024 தை முழுக்கப் பின்பாதியில் விற்றதில் பெரும்பகுதி '1' குறிக்காரர்களுக்கு, அதாவது ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும், அதுவும் சம்பளம் வந்த வாரத்தில் மட்டும். மாசி நடுவிலிருந்து பாக்கி நோட்டில் 'ச' ஒவ்வொன்றாக அடிபடுகிறது. அதே தேதிகளில் பில்லில் நாவல் விழுகிறது. முதலில் எனக்கு இது தற்செயலாகத் தெரிந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். "பாக்கி தீர்க்க வர்றவங்க உடனே போக மாட்டாங்க தம்பி. பணத்தைக் குடுத்துட்டாங்கன்னா நிமிந்து நிப்பாங்க. உள்ள வந்து பார்ப்பாங்க. ஆனியில வாசல்லயே நின்னு நோட்டை வாங்கிட்டுப் போனவங்கதான்" என்றார். அவருக்கு இது தெரிந்தே இருந்திருக்கிறது. ஆர்டர் போடும் தேதியோடு இதைச் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

நாவல் நன்றாக விற்கத் தொடங்கும் அதே வாரத்தில் பதிப்பகத்துக்குப் பணம் கட்டியாக வேண்டியிருந்தது. விற்ற காசு வருவதற்குள் கட்ட வேண்டியதால் முன்பாதியின் ரொக்கத்தை எடுத்துக் கட்டினார், சித்திரையில் நோட்டுக்கு முன்பணம் கட்டக் காசில்லாமல் வட்டிக்கு வாங்கினார். அந்த வட்டி யார் கணக்கில் விழுந்தது? பின்பாதியின் கணக்கில். வட்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தால் பின்பாதி தன் காலில் நிற்கிறது. நஷ்டம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது, ஏறக்குறைய ஒரு மாத இடைவெளிக்குக் கட்டிய வட்டி.

அந்த வருஷம் இன்னொன்றும் நடந்தது. 2024 ஜனவரி 30இல் குரூப் 4 அறிவிப்பு வந்தது, தேர்வு ஜூன் 9. மாசியிலிருந்து வைகாசி வரை கைடு ஓடிக்கொண்டே இருந்தது. மொத்தம் 200 கேள்வியில் 100 தமிழ் என்பதால் பழைய பள்ளித் தமிழ்ப் புத்தகங்களைத் தேடிக்கொண்டு வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள், பலர் நடவு வேலைக்கும் போகிறவர்கள். மூன்று பேர் சேர்ந்து ஒரு கைடு வாங்கி, கல்லாவிலேயே யாருக்கு எந்தக் கிழமை என்று பேசி முடிவு செய்துகொண்டு போனதை நானே பார்த்தேன். இந்தக் காசு இல்லாவிட்டால் அந்த வருஷ வட்டி இன்னும் ஏறியிருக்கும். ஆனால் எல்லா வருஷமும் தேர்வு இந்த மாசங்களில் வராது, 2025இல் அறிவிப்பே ஏப்ரல் 25இல்தான் வந்தது. எனவே இதைக் கணக்கில் நம்பக் கூடாது என்று தனியே பிரித்து வைத்தேன்.

மாசிக்கு மாற்றியது

2025இல் மாற்றிப் பார்த்தோம். தையில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வாங்கும் அளவுக்கு மட்டும், தலைப்புக்கு ஒன்றிரண்டு பிரதி. மீதி ஆர்டர் மாசியில். பதிப்பகங்களுக்கு அவரே கைப்பட எழுதினார்: எங்கள் ஊரில் சம்பா அறுத்துப் பணம் வர மாசியாகும், மாசியில் அனுப்பினால் சித்திரையில் தவறாமல் கட்டுகிறேன். சிலர் சரி என்றார்கள். இரண்டு பதிப்பகங்கள், மார்ச் 31ஐத் தாண்டிப் பாக்கி நிற்கக் கூடாது என்று மறுத்துவிட்டன. அவர்களிடம் ரொக்கத்துக்கு வாங்கினால் கூடுதலாக 5 சதவிகிதம் கழிவு கேட்டு, தலைப்புக்கு மூன்று பிரதியோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தத் தையிலும் பருவம் தப்பிய மழை. டெல்டா முழுக்க நெல் நனைந்தது, ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டார்கள், கொள்முதல் தள்ளிப்போனது. பழைய வழக்கப்படி என்றால் அதற்குள் பார்சல் வந்து இறங்கியிருக்கும், கடன் நாள் ஓட ஆரம்பித்திருக்கும். இந்தத் தடவை கொள்முதல் நிலைய வாசலில் வரிசை குறைகிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டரை இன்னும் பத்து நாள் தள்ளினார். அவர் அங்கே போனதில் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டிருக்கிறது. நெல்லைக் கொட்டிவிட்டு இரவெல்லாம் குவியலுக்குக் காவல் இருக்கிறவர்கள். தார்ப்பாயை மூடி, பக்கத்தில் சாக்கை விரித்து, கொள்முதல் நிலைய விளக்கு வெளிச்சத்தில் நாலைந்து நாள். அவர்களில் இருவர் கடைக்கு வருகிறவர்கள். மறுநாள் பையில் ஐந்து நாவல் போட்டுக்கொண்டு போய், "படிச்சிட்டு மாசியில குடுங்க, பிடிச்சிருந்தா காசு குடுங்க" என்று கொடுத்துவிட்டு வந்தார். ஐந்தில் நான்கு காசாகத் திரும்பியது, ஒன்று உமியும் பதருமாகப் புத்தகமாகவே திரும்பியது. அதை அவர் தட்டிச் சுத்தம் செய்து தன் வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டார்.

சித்திரை முடிவதற்குள் மாசிச் சரக்கின் பாக்கியைக் கட்டிவிட்டார். நோட்டு முன்பணத்துக்கு அந்த வருஷம் வட்டிக்கு வாங்கவில்லை. ஒரு வருஷத்தை வைத்து எதையும் நிரூபித்துவிட்டதாக நான் சொல்லவில்லை. ஆறு பொய்த்த வருஷத்தில் மாசியிலும் காசு வராது, அப்போது இந்த ஏற்பாடும் தாங்காது. மாவட்டப் புத்தகக் காட்சி வருகிற வருஷத்தில் வாசகர்கள் அதற்காகச் சேர்த்து வைப்பார்கள், அதன் பிறகு ஒரு மாதம் பின்பாதி வெறிச்சோடும், அந்தத் தேதியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சேதி கேட்டு மன்னார்குடிப் பக்கமிருந்து இன்னொரு கடைக்காரர் வந்து பாக்கி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் ஊரில் ஆழ்குழாய்ப் பாசனம் அதிகம், குறுவை ஏறக்குறைய எல்லா வருஷமும் உண்டு. அங்கே 'கு'தான் அதிகம் என்றார். அப்படியென்றால் அவருக்குப் புரட்டாசிக் கடைசியிலும் ஒரு சின்ன மாசி இருக்க வேண்டும், ஆனால் அப்போது மழை தொடங்கிவிடும், பார்சலை எங்கே இறக்கி வைப்பது என்பதுதான் அவர் கேள்வி. அவர் கடையின் பில் புத்தகத்தை இந்த ஆவணியில் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். தமிழ்த் தேதி போட்டிருக்க மாட்டார், பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே போட்டுக்கொள்ள வேண்டும்.